"அப்படி இல்லைத் தம்பி": எழுத்தைத் திருத்திய ஒரு கிராமம்

சில வருடங்களுக்கு முன்னர், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு நிலையத்தில் பிள்ளைகள் நடிப்பதற்கென்று சிறிய நாடகம் ஒன்றை எழுதினேன். ஊரை விட்டு வெளிக்கிடும் கமக்காரக் குடும்பம் ஒன்றின் கதை அது. வீட்டுத் தலைவர் படலையடியில் நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்து, நீளமாக ஒரு பேச்சுப் பேசுவார். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்லதொரு காட்சியை எழுதிவிட்டேன் என்ற பெருமையும் உள்ளூர இருந்தது.

ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான ஐயா ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிட்ட வந்தார். "அப்படி இல்லைத் தம்பி" என்றார். "ஆர் நிண்டு கதைச்சது? நான் மாட்டுக் கொட்டிலுக்குத்தான் ஓடினனான். கயிறை அறுத்து விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டது. கண்டு பின்னாலை வந்திட்டுது. அதைத் துரத்திறதுதான் பெரும்பாடாப் போச்சு. அதை ஏன் எழுதேல்லை?"

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு விதைநெல்லில் ஒரு சிறங்கையை மட்டும் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த கதையைச் சொன்னார். இன்னொருவர், "பேச்சு வேண்டாம், அந்த நேரம் ஒருத்தருக்கும் வாய் வரேல்லை" என்றார்.

உண்மையைச் சொல்வதானால் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதத் தெரிந்தவன் நான், எழுதாதவர்கள் வந்து திருத்துகிறார்களே என்ற கோபம். அன்றிரவு படுத்திருந்து யோசித்தபோது, முன்னர் வாசித்த ஆபிரிக்கக் கிராமம் ஒன்றின் நினைவு வந்தது. அந்தக் கிராமத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

கம்பிக்குள் பிறந்த ஊர்

கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், லிமுரு என்னும் மலைப்பகுதியில் கமிரீத்து என்ற கிராமம் இருக்கிறது. குளிரான இடம். தேயிலை வளரும் மண். அங்குள்ளவர்கள் கிக்கூயு மொழி பேசும் உழவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் அப்பகுதியின் நல்ல காணிகளில் பெரும்பங்கை வெள்ளையருக்கு எழுதிக் கொடுத்தனர். காணியின் சொந்தக்காரர் அதே காணியில் கூலியாக நின்றனர்.

காணிக்காகவும் விடுதலைக்காகவும் அவர்களில் ஒரு பகுதியினர் ஆயுதம் எடுத்தபோது, 1952 ஒக்டோபரில் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. 1954ஆம் ஆண்டிலிருந்து பத்து இலட்சத்துக்கும் அதிகமான கிக்கூயு மக்கள் தத்தம் வளவுகளிலிருந்து கிளப்பப்பட்டு, 800இற்கும் மேற்பட்ட புதிய கிராமங்களுக்குள் கொண்டுபோய் விடப்பட்டனர். இவற்றைச் சூழ அகழியும் முட்கம்பியும் காவற் கோபுரங்களும் இருந்தன. ஊரடங்குச் சட்டம் வேறு. புதிய குடிசைகளை அவர்களே கட்ட வேண்டும். பழைய வீடுகள் எரிக்கப்பட்டன. இதனை உங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கமிரீத்து அவ்வாறு உருவான ஊர்களில் ஒன்று. 1963 டிசம்பரில் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் அந்த ஊர் கலையவில்லை. திரும்பிப் போவதற்குப் பலருக்குக் காணி இருக்கவில்லை. தற்காலிகம் என்று தொடங்கியது நிரந்தரமாயிற்று. ஆண்களும் பெண்களும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சப்பாத்துத் தொழிற்சாலைக்கும் கூலிக்குப் போய் வந்தனர்.

அந்த ஊர்ப் பிள்ளைதான் பிற்காலத்தில் உலகம் அறிந்த எழுத்தாளராகிய கூகி வா தியாங்கோ. 1938இல் பிறந்தவர். 1955இல் விடுதிப் பாடசாலையிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்த சிறுவன், தன் வீடு இருந்த இடத்தில் வீட்டைக் காணவில்லை. ஊரே பெயர்க்கப்பட்டிருந்தது. காது கேளாத அவரது அண்ணன் ஒருவர், 'நில்' என்று படையினர் இட்ட கட்டளை கேட்காததால் சுடப்பட்டு இறந்தார். கூகி படித்தார், பல்கலைக்கழக ஆசிரியரானார், தன் மக்களின் துன்பத்தை நாவல்களாக எழுதினார். ஆனால் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். எவரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அவற்றை வாசிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெண்

1976ஆம் ஆண்டில் ஒரு நாள், கமிரீத்துவைச் சேர்ந்த பெண் ஒருவர் அவரது வீட்டுக்கு வந்தார். நீங்கள் நிறையப் படித்தவராம், புத்தகம் எழுதுகிறீர்களாம், அந்தப் படிப்பில் கொஞ்சத்தை ஊருக்கும் தந்தால் என்ன என்று கேட்டார். ஊரில் இளைஞர்களுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று பாழாய்க் கிடக்கிறது, அதை எழுப்ப உதவி செய்யுங்கள் என்றார். கூகி யோசிப்பதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறும் அப்பெண் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். இந்தச் செய்தியைக் கூகியே பின்னர் எழுதியிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற ஒரு வேலைத்திட்டம் இப்படித்தான் தொடங்கியது. பெரிய அறிக்கையோ வெளிநாட்டு நிதியோ அல்ல, விடாமல் படியேறி வந்த ஒரு பெண்.

நாலு ஏக்கர் நிலம். அதிலே இடிந்து விழும் நிலையில் மண்சுவர்க் கட்டடம் ஒன்று. முதலில் அங்கே வளர்ந்தோருக்கான எழுத்தறிவு வகுப்புத் தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக நின்றவர் கூகி வா மீரீ என்ற இன்னொருவர். (பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள்.) பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிறேயரேயின் வழியை ஒட்டி, சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே எழுத்தைக் கற்பிக்கும் முறை. 1976இன் பிற்பகுதியில் 50இற்கு மேற்பட்டோர் தங்கள் மொழியில் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டனர்.

எழுதத் தெரிந்துவிட்டது. இனி என்ன என்ற கேள்வி வந்தது. நாடகம் போடுவோம் என்றனர். அதற்குரிய எழுத்தை உருவாக்கித் தரும் பொறுப்பு இரண்டு கூகிகளிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கொப்பி ஊருக்குள் வந்தது

1977 ஏப்ரல் அளவில் முதற் பிரதி ஆயத்தமாயிற்று. அந்த நாடகத்தின் பெயரைத் தமிழில் 'நான் விரும்பும்போது மணம் முடிப்பேன்' என்று சொல்லலாம். கிகூண்டா என்ற கூலி விவசாயிக்கு ஒன்றரை ஏக்கர் காணி உண்டு. அதன் உறுதியைச் சுவரிலே மாட்டி வைத்திருக்கிறார். பணக்காரர் ஒருவர் வெளிநாட்டுக் கம்பனியுடன் சேர்ந்து பூச்சிமருந்துத் தொழிற்சாலை கட்ட அந்தக் காணியைக் குறிவைக்கிறார். தேவாலயத்தில் முறைப்படி மணம் முடித்துக்கொள்ளும்படி கிகூண்டாவுக்கும் மனைவிக்கும் ஆசை காட்டப்படுகிறது. அந்தச் செலவுக்காக உறுதியை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுக்கிறார்கள். கடைசியில் காணி போய்விடுகிறது. பக்தியைக் காட்டி ஏழையின் காணியைப் பறிப்போரை இந்நாடகம் கடுமையாகச் சாடுகிறது. திருச்சபையோடு சேர்ந்து வேலை செய்யும் எங்களுக்கு அது வாசிக்கக் கசப்பானதுதான். கசக்கிறது என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது கதையைப் பற்றி அல்ல. அந்தக் கொப்பிக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி.

படித்தவர் இருவர் எழுதிய எழுத்தை ஊரவர் அப்படியே தலையில் தூக்கி வைக்கவில்லை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அது வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது, திருத்தப்பட்டது. இந்தக் கிழவர் பேசுவது கிழவர் பேச்சாக இல்லை, வயது போன மனிதர் பழமொழி இல்லாமல் இப்படி நேராகப் பேசுவாரா என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் வேலைத்தலத்தில் நடப்பவற்றைச் சொன்னார்கள். ஒரு நாளில் தாங்கள் உற்பத்தி செய்வதன் பெறுமதி எவ்வளவு, கையில் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு நாடகத்துக்குள் போயிற்று. பழைய கலியாணச் சடங்கில் இரு பகுதியாரும் மாறி மாறிப் பாடும் பாட்டும் ஆட்டமும் எப்படி நடக்கும் என்பதை எழுத்தறியாத வயோதிபப் பெண்கள் ஆடிக் காட்டினர். விடுதலைப் போர்க் காட்சிக்குப் பொய்த் துவக்குகள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்து கொடுத்தவர், 1950களில் காட்டிலிருந்த போராளிகளுக்கு உண்மையான துவக்குகளைச் செய்து கொடுத்த அதே மனிதர்!

தனது தாய்மொழியைத் தான் இவர்களிடம்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று கூகி எழுதுகிறார். பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைக்குத் தலைவராக இருந்தவரின் வாக்குமூலம் இது.

ஜூன் மாதத்தில் ஒத்திகை தொடங்கிற்று. நகரத்து நாடகக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். கடைசி நாளில் திரையை விலக்கிச் சனத்தை அசத்த வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். கமிரீத்துவில் ஒத்திகை வெட்டவெளியில், சனி ஞாயிறுகளில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. வழியால் போனவரும் நின்று பார்த்து, நடிப்பவருக்குச் சரி பிழை சொன்னார். எங்களுடைய நாட்டுக்கூத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையல்ல. அண்ணாவியார் கூத்துப் பழக்கும் களரியைச் சுற்றிப் பாய் போட்டு இருந்துகொண்டு, "அந்த இடத்திலை தாளம் பிசகுது" என்று சொல்லும் கிழவர்கள் எங்கள் ஊர்களிலும் இருந்தார்கள். அரங்கேற்றத்துக்கு முன்னர் வெள்ளுடுப்பு என்று ஒரு நாள் வைப்பதும் அதற்காகத்தானே.

அரங்கையும் அவர்களே கட்டினர். கூரையில்லாத, 2,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு. 1977 ஒக்டோபர் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடகம் மேடையேறியது. தூர இடங்களிலிருந்தும் சனம் வந்தது. ஏற்கெனவே ஒத்திகைகளைப் பார்த்துப் பார்த்து ஊரில் பலருக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடம்.

ஆறு கிழமைதான். நவம்பர் 16ஆம் திகதி அரசு அனுமதியை இரத்துச் செய்தது. டிசம்பர் மாத முடிவில் ஓர் இரவு கூகி வா தியாங்கோ கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி ஏறத்தாழ ஒரு வருடம் சிறையில் வைக்கப்பட்டார்.

ஆங்கிலத்தில் அவர் எழுதிய காலத்தில் எவரும் அவரைச் சிறையில் போடவில்லை என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவ்வருடமே வெளிவந்த அவரது ஆங்கில நாவலும் அரசைக் கண்டித்ததுதான். ஆனால் உழவரும் கூலிகளும் கூடியிருந்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லி, சொன்னதைத் தாங்களே திருத்தியது, அதிகாரத்துக்குப் பொறுக்க முடியாத காரியமாகிவிட்டது.

கிளாஸ் வெறுமையானால் கதை நிற்கும்

சிறையில் அவருக்கு எழுதுதாள் இல்லை. மலசலகூடத்தில் பாவிக்கும் கடதாசியில், இம்முறை கிக்கூயு மொழியில், ஒரு நாவலை எழுதினார். ஒருமுறை அக்கடதாசிகள் பிடிபட்டுப் பறிமுதலாகிப் பின்னர் திரும்பக் கிடைத்தன. 1980இல் நூல் வெளிவந்தது. தமிழிலும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் அது வந்துள்ளது. கிக்கூயு நாவலை யார் வாங்குவார் என்ற ஐயத்தோடு 5,000 பிரதிகளை அச்சிட்டனர். ஒரு மாதத்துக்குள் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

அது வாசிக்கப்பட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. மாலையில் குடும்பம் முழுவதும் கூடியிருக்க, வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிப்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர் வட்டமாக இருந்து கேட்டனர். வாடகை வான்களில் வாசித்தனர். குடிக்கும் இடங்களில் இதையே தொழிலாகக் கொண்ட வாசிப்பாளர்கள் தோன்றினர். கதை முடிச்சு விழும் இடம் வந்ததும், தன் கிளாஸ் வெறுமையாக இருப்பதைக் கண்டு வாசிப்பவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவாராம். கேட்டுக்கொண்டிருப்போர் உடனே கிளாஸை நிரப்பச் சொல்லிக் கூச்சலிடுவார்களாம். குடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்குமோ தெரியாது.

1981இன் பிற்பகுதியில் கமிரீத்து மக்கள் இன்னொரு நாடகத்துக்கு ஆயத்தம் செய்தனர். இம்முறை இசை நாடகம். நைரோபியில் உள்ள தேசிய அரங்கின் கதவு அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. பல்கலைக்கழக மண்டபத்தில் ஒத்திகை பார்த்தனர். அந்த ஒத்திகைகளுக்கே ஆயிரமாயிரமாகச் சனம் திரண்டது. 1982 மார்ச் மாதம் நிலையத்தின் பதிவு இரத்துச் செய்யப்பட்டது. மறுநாள் மூன்று லொறிகளில் பொலிசார் வந்து, ஊரவர் கையால் கட்டிய அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர். இரண்டு கூகிகளும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கூகி வா மீரீ சிம்பாப்வேயில் கிராமத்து நாடகக் குழுக்களை வளர்த்து, 2008இல் அங்கேயே வீதி விபத்தில் இறந்தார். கூகி வா தியாங்கோ 2025 மே 28ஆம் திகதி அமெரிக்காவில் தமது 87ஆவது வயதில் காலமானார்.

இரண்டு கூகிகளின் பெயரும் நாடக நூலின் அட்டையில் இருக்கின்றன. ஞாயிறு தோறும் வந்து கதவைத் தட்டிய பெண்ணின் பெயர் அதில் இல்லை. கிழவரின் பேச்சைத் திருத்தியவர், கூலிக் கணக்குப் பார்த்தவர், ஆடிக் காட்டிய ஆச்சிமார், இவர்கள் பெயரும் இல்லை. எழுதியவர் நன்றி மறக்காதவர்தான். போன இடமெல்லாம் கமிரீத்துவைப் பற்றிப் பேசினார். ஆனாலும் இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பாராட்டு வேறு, திருத்தம் வேறு

எங்கள் பக்கத்தில் நூல் வெளியீடுகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பொன்னாடை, மாலை, ஐந்து வாழ்த்துரை. நூலை வாசிக்காமலே புகழ்பவரும் உண்டு. இன்றைய இளம்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கவிதை எழுதி, கண்ணால் காணாத நண்பர்களுக்குக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல பழக்கம். அங்கேயும் "நல்லா இருக்கு" என்ற ஒரு சொல்லோடு பலர் போய்விடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை என்னிடம் குறைப்பட்டது. நல்லா இருக்கு என்பது எழுதியவருக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை. மாட்டுக் கயிறு எங்கே என்று கேட்பதுதான் சொல்லித் தரும். அதைக் கேட்கக்கூடியவர், கயிற்றை அறுத்தவர்.

உங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். விபரம் திரட்ட வருவோர், அறிக்கை தயாரிப்போர், பத்திரிகையாளர், எங்களைப் போன்ற சஞ்சிகைக்காரர். படிவத்தில் 'தொழில்: கூலி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆறு ஏக்கர் வயல் செய்தவர் அவர், இன்றைக்குத்தான் கூலிக்குப் போகிறார் என்பது அதில் வராது. கிணறு இருந்ததும், அதில் வெட்டுக்கூலி கொடுத்ததும், தென்னை எத்தனை காய்த்தது என்பதும் வராது. இழப்பீடோ காணிப் பிணக்கோ வரும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். ஆகவே எழுதுபவர் எழுந்து போகுமுன், "எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். கையொப்பம் இடுவதற்கு முன்னர் கேளுங்கள். பிழை இருந்தால் பிழை என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோபிக்கிறவர் கோபிக்கட்டும், நானும் கோபித்தவன்தான்.

பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதினால், ஆசிரியரிடம் கொடுக்க முன்னர் அதை அப்புவுக்கும் ஆச்சிக்கும் வாசித்துக் காட்டச் செய்யலாம். குளத்தின் பெயர், வாய்க்கால் திரும்பும் மூலை, எந்த மாதத்தில் எந்த நெல் விதைத்தது என்பவற்றை அவர்கள் திருத்துவார்கள். சனசமூக நிலையமோ மர நிழலோ எதுவானாலும் கிழமைக்கு ஒரு பின்னேரம் போதும். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் குறுக்கிட இடம் இருக்க வேண்டும். எங்களுக்கு அனுப்பும் ஆக்கங்களையும் அவ்வாறு வாசித்துத் திருத்தி அனுப்பினால், திருத்தியவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். போடுவோம்.

என் நாடகத்தை நான் மாற்றி எழுதினேன். படலையடிப் பேச்சு முழுவதையும் வெட்டினேன். மேடையில் ஒரு கயிறும், கன்றாக நடிக்க வெள்ளைத் துணி போர்த்த சிறு பையன் ஒருவனும். தகப்பன் அவனைப் போ போ என்று துரத்துவார், அவன் திரும்பத் திரும்ப வருவான். வேறு பேச்சில்லை. பார்த்தவர்களில் ஒருவரும் கை தட்டவில்லை. தட்டவேண்டிய நாடகமாக அது இருக்கவில்லை.

முடிந்த பிறகு அந்த ஐயா வந்தார். சரியா ஐயா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார்.

"இப்ப சரி தம்பி. ஆனால் கண்டின்ரை நிறம் பிழை. அது செங்காரி."